பி.எல்.சி மாட்யூல்களைப் பொருத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின்சாரத்தை நிறுத்தாமல் பேனலில் கை வைக்கக் கூடாது, பிளஸ், மைனஸ் முனைகளை மாற்றிக் கொடுக்கக் கூடாது என்பவற்றை இங்கே எழுதப் போவதில்லை. ஆலை இயந்திரங்களை இயக்கும் கணினியான பி.எல்.சி-யின் மாட்யூல்களைப் பொருத்தும் இப்பணிக்குப் புதிதாக வருவோர், எங்கள் தலைமுறை செய்து ஓய்ந்த பிழைகளையே மறுபடி தொடங்குவதைப் பார்ப்பதால், கையேட்டின் நடுப்பக்கங்களில் சிறிய எழுத்தில் கிடக்கும் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மாட்யூலுக்கு மேலே துளையிடுவது

துளையிடும் வேலைகளை முடித்த பிறகே மாட்யூலைப் பொருத்துங்கள்.

காயிலுக்கு டயோடு போடாமல் விடுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். ரிலே, காண்டாக்டர், சோலினாய்டு வால்வு ஆகிய எல்லாவற்றின் உள்ளேயும் இருப்பது ஒரு காயில், அதாவது கம்பிச்சுருள். அதில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென்று துண்டித்தால், காந்தப்புலத்தில் தேங்கியிருந்த ஆற்றல் எதிர்த்திசை மின்னழுத்தமாகத் திரும்பி வரும். 24 வோல்ட்டில் இயங்கும் சிறு காயில்கூட அந்த நொடியில் சில நூறு வோல்ட்டை எழுப்பக்கூடும் என்பதால், டயோடு (மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) தரும் பாதுகாப்பில்லாத டிரான்சிஸ்டர் அவுட்புட் அதைத் தாங்குவதில்லை.

ஓர் ஆலையில் ஒரே அவுட்புட் சேனல் திரும்பத் திரும்ப எரிந்தது. பராமரிப்புக் குழுவினர் வயரை அடுத்த சேனலுக்கு மாற்றி, புரோகிராமில் முகவரியைத் திருத்தினார்கள், அதுவும் போயிற்று. காலியாக இருந்த சேனல்கள் அனைத்தும் தீர்ந்து, கார்டையே (அவுட்புட் மாட்யூலையே) மாற்றி, புதிய கார்டிலும் அதே கதை தொடர்ந்த பிறகு, தயாரிப்பாளர் தரமற்ற பொருளைக் கொடுத்துவிட்டார் என்று முடிவு கட்டியிருந்தார்கள். உண்மையில், டயோடு உள்ளமைந்திருந்த வால்வு பிளக் உடைந்தபோது, பார்வைக்கு அதைப் போலவே இருந்த, டயோடு இல்லாத பிளக்கை யாரோ பொருத்தியிருந்தார்கள். வால்வுப் பக்கம் போய் ஒருவராவது அந்தப் பிளக்கைக் கழற்றிப் பார்த்திருக்கலாம்.

1என்4007 போன்ற சாதாரண டயோடு ஒன்றே டி.சி காயிலுக்குப் பெரும்பாலும் போதும். அதன் கோடு போட்ட முனை பிளஸ் பக்கம் இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் நேரடி ஷார்ட் சர்க்யூட்தான். கார்டின் டெர்மினலில் போடுவதைவிடக் காயிலின் முனைகளிலேயே போடுவது நல்லது. இல்லையெனில் இடைப்பட்ட வயர் முழுவதும் இரைச்சலைப் பரப்பும். டயோடு போட்ட காயில் சற்றுத் தாமதமாக விடுபடும். அந்தத் தாமதம் ஆகாத இடத்தில் டயோடுடன் தொடரிணைப்பாக ஜீனர் டயோடு ஒன்றைச் சேர்க்கலாம். ஏ.சி காயிலுக்கு டயோடு கூடவே கூடாது, அங்கே மின்னழுத்த எழுச்சியை அடக்க ஆர்.சி ஸ்னப்பர் அல்லது வேரிஸ்டர்.

ரிலே அவுட்புட்தானே, எரியாது என்று சிலர் வாதிடுகிறார்கள். தீப்பொறி அரித்து அரித்து அதன் காண்டாக்ட் ஒரு நாள் ஒட்டிக்கொண்டால், புரோகிராம் நிறுத்தச் சொல்லியிருக்கும், கார்டின் விளக்கும் அணைந்திருக்கும், ஆனால் வால்வு திறந்தே இருக்கும். எரிந்துபோன கார்டைவிட இது ஆபத்தானது.

ஷீல்டை இரு முனையிலும் எர்த் செய்வது

அளவீட்டைக் கொண்டுவரும் 4–20 மில்லியாம்பியர் சிக்னல் கேபிளின் ஷீல்டை (வயர்களைச் சுற்றியுள்ள உலோக உறையை) பொதுவாகப் பேனல் முனையில் மட்டும் எர்த் செய்கிறோம். இரு முனையிலும் செய்தால், இரண்டு இடங்களின் எர்த் மின்னழுத்த வேறுபாடு ஷீல்டு வழியே மின்னோட்டத்தைச் செலுத்தி, அளவீட்டை ஆட்டம் காணச் செய்யும். மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவியான வி.எஃப்.டி-யிலிருந்து மோட்டாருக்குச் செல்லும் கேபிளுக்கு இவ்விதி பொருந்தாது. அதன் ஷீல்டை இரு முனையிலும் எர்த் செய்யத்தான் வேண்டும்.

இணைப்பைக் கழற்றாமல் மெகர் வைப்பது

மின்காப்பைச் சோதிக்கும் கருவியான 500 வோல்ட் மெகரை 24 வோல்ட் இன்புட் மேல் வைத்துவிட்டு, பிறகு காரணம் தேடாதீர்கள்.

வெறுங்கையால் சர்க்யூட் போர்டைத் தொடுவது

நிலைமின்சாரம் ஏறத்தாழ 3,000 வோல்ட்டைத் தொட்டால்தான் நம் விரலுக்கு உறைக்கும்; சில பாகங்கள் 100 வோல்ட்டுக்குக் கீழேயே பழுதாகிவிடும். அப்படிப் பழுதானவை எல்லாமே அன்றைக்கே நின்றுவிடுவதில்லை என்பதால், சில மாதங்கள் கழித்து வரும் கோளாறுக்கு யாரும் இதைக் காரணமாகச் சொல்வதுமில்லை. எர்த் செய்த மணிக்கட்டுப் பட்டையை அணிந்துகொண்டு, போர்டை ஓரங்களில் மட்டும் பிடியுங்கள்.