மகள் போன் எடுக்காத மாலைகள்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். மகளுக்கு உம்ஷ்லாங்காவில் வேலை. என்2 சாலையில் வந்து சேர அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நெரிசல் என்றால் கேட்கவே வேண்டாம். அவள் போன் எடுக்கவில்லை என்றால் எனக்கு வயிற்றைக் கலக்கிவிடும். விபத்து, கார் கடத்தல் என்று மனம் ஆஸ்பத்திரி வாசல் வரை போய்த்தான் நிற்கும்.

"கவலைப்படாதீங்க" என்று சொல்கிறவர்களால் ஒரு பிரயோஜனமும் இருந்ததில்லை. உதவியது ஆலோசகர் ஒருவர் சொல்லித்தந்த எழுத்துப் பயிற்சி. பயமுறுத்தும் எண்ணத்தை எழுதி, அதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அது. 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கிய சிகிச்சை முறையைச் சேர்ந்தது.

என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கும்:

நடந்தது: ஆறரை ஆகியும் போன் எடுக்கவில்லை.
மனம் சொல்வது: ஏதோ ஆகிவிட்டது.
ஆதாரம்: போன் எடுக்கவில்லை என்பது மட்டும்தான்.
எதிராக: வண்டி ஓட்டும்போது எடுக்கமாட்டாள், எடுக்கவும் கூடாது. மின்வெட்டு என்றால் சில நேரம் டவரும் போய்விடும். இதே மாதிரி பயந்த நாட்களிலெல்லாம் "என்ன கறி?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வந்தாள்.
சரி, இப்போது: அநேகமாக டிராபிக்கில் இருப்பாள்.

கடைசி வரியில் "ஒன்றுமே ஆகாது" என்று எழுதினால் மனம் நம்பாது. நம்பக்கூடிய அளவுக்கு எழுதினால் போதும். அப்புறம், தலைக்குள்ளேயே செய்துகொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். கையால் எழுதினால்தான் எனக்குப் பலித்தது.

படபடப்பு முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் விடாமல் அழைப்பது நின்றுவிட்டது, மகளுக்கும் நிம்மதி. தூக்கம் கெடுகிற அளவுக்கு இருந்தால் நோட்டை மட்டும் நம்பாமல் டாக்டரைப் பாருங்கள்.