வருடக் கடைசியில் டீச்சருக்கு என்ன கொடுக்கலாம்? காப்பகத்தில் வேலை பார்த்தவள் சொல்கிறேன்

பல வருடங்கள் ஒரு பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில், இரண்டு வயதுப் பிள்ளைகளின் அறையில் வேலை பார்த்தேன். இப்போது என் மகன் பள்ளிக்கூடம் போகிறான். ஆகவே இந்த விஷயத்தில் வாங்கிய கையும் என்னுடையதுதான், கொடுக்கும் கையும் என்னுடையதுதான். வருடம் முடியும் நேரத்தில் தெரிந்த பெற்றோர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "என்ன வாங்கட்டும்?" கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள் என்பேன். கடிதம்தான் பரிசு. கூட வைக்கும் பொருள் உங்கள் வசதியைப் பொறுத்தது. இல்லாமல் போனாலும் குறை இல்லை.

கடிதம் எழுதுவது எப்படி

"எல்லாவற்றுக்கும் நன்றி" என்று அச்சடித்த அட்டையில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தால், அது அன்று மாலையே மற்ற அட்டைகளோடு கலந்துவிடும். உங்கள் பிள்ளையைப் பற்றி, அந்த டீச்சரைப் பற்றி மட்டும் எழுதக்கூடிய ஒரு விஷயம் அதில் இருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். வருடத் தொடக்கத்தில் பிள்ளைக்கு எது கஷ்டமாக இருந்தது என்று யோசியுங்கள். இப்போது அதில் என்ன மாறியிருக்கிறது? அந்த மாற்றத்தில் டீச்சர் செய்தது என்ன? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் கடிதம் தயார். ஐந்தாறு வரி போதும். இந்த மாதிரி:

"மிஸ், முதல் மாதம் முழுக்க இவன் வாசலுக்கு வந்ததும் என் காலைக் கட்டிக்கொண்டு அழுவான். நீங்கள் வகுப்பு மீன்தொட்டியில் தீனி போடும் வேலையை இவனுக்குக் கொடுத்தீர்கள். அதற்கு மறுநாளே 'மீனுக்குப் பசிக்கும், சீக்கிரம் வா' என்று என்னை இழுத்துக்கொண்டு வந்தான். அதன் பிறகுதான் நான் வேலையிடத்தில் நிம்மதியாக உட்கார்ந்தேன். நீங்கள் அதை யோசித்துச் செய்தீர்கள் என்று எனக்குத் தெரியும். நன்றி."

கடைசிக்கு முந்தின வரியைக் கவனியுங்கள். சின்னப் பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்கள் யோசித்துச் செய்வது ஏராளம். பக்கத்தில் யாரை உட்கார வைப்பது, எந்தப் பிள்ளைக்கு எந்த வேலையைக் கொடுப்பது, அழுகிற குழந்தையை எப்போது தூக்குவது, எப்போது கொஞ்சம் விட்டுப் பிடிப்பது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் தானாக நடந்த மாதிரி இருக்கும். அது தானாக நடக்கவில்லை என்று ஒரு பெற்றோர் எழுதிக் கொடுக்கும்போது கிடைக்கும் சந்தோஷம் தனி.

என்னிடம் ஒரு அப்பா எழுதிய கடிதம் இன்னும் இருக்கிறது. மத்தியானத் தூக்க நேரத்தில் அவர் மகளுக்கு நான் முதுகில் தட்டிக் கொடுப்பேன். மூன்று தட்டு, ஒரு இடைவெளி, மறுபடி மூன்று தட்டு. அந்தக் குழந்தை வீட்டுக்குப் போய்த் தன் பொம்மையின் முதுகில் அதே தாளத்தில் தட்டியிருக்கிறாள். "நாங்களும் இப்போது அப்படித்தான் தட்டுகிறோம், ராத்திரி சீக்கிரம் தூங்கிவிடுகிறாள்" என்று எழுதியிருந்தார். அந்த வருடம் வந்த பொருள்களில் எது யார் கொடுத்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

எழுத்து நடை, பிழை, கையெழுத்து பற்றியெல்லாம் கவலை வேண்டாம். உங்களுக்குச் சரளமாக வருகிற மொழியில் எழுதுங்கள். டீச்சருக்கு அந்த மொழி வாசிக்க வராது என்றால், அவருக்குப் புரியும் மொழியில் கீழே இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்.

அப்புறம், பெரும்பாலானவர்களுக்குத் தோன்றாத ஒரு வேலை. அந்தக் கடிதத்தின் நகல் ஒன்றைத் தலைமை ஆசிரியருக்கோ காப்பகப் பொறுப்பாளருக்கோ அனுப்புங்கள். குறை இருந்தால் மேலிடத்துக்கு எழுத்தில் போகிறது; நல்லது நடந்தால் வாசலில் நின்று வாயால் சொல்வதோடு நின்றுவிடுகிறது. வேலையை நீட்டிக்கும்போதோ, பதவி உயர்வு பேசும்போதோ, வேறு இடத்தில் வேலை கேட்கும்போதோ அவர் கையில் காட்டுவதற்கு இப்படி ஒன்று இருந்தால் அது பெரிய உதவி. செலவே இல்லாத பரிசு இது.

பிள்ளையின் பங்கு

"டீச்சருக்கு நன்றி சொல்லி எழுது" என்று பிள்ளையிடம் சொன்னால், நீங்கள் சொல்லச் சொல்ல எழுதும். அதில் பிள்ளை இருக்காது. கேள்வி கேளுங்கள். மிஸ் எந்தக் கதையைச் சொன்னால் உனக்குப் பிடிக்கும்? மிஸ் எதற்குச் சிரிப்பாங்க? நீ கீழே விழுந்த அன்னைக்கு மிஸ் என்ன செஞ்சாங்க? வருகிற பதிலைத் திருத்தாமல், பிள்ளை சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். "மிஸ்ஸுக்கு எல்லா டைனோசர் பேரும் தெரியும், ஆனா ஒண்ணு மட்டும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன்" என்ற வரியை எந்தப் பெரியவராலும் எழுத முடியாது.

படம் வரைந்து கொடுப்பதாக இருந்தால் பின்பக்கம் பிள்ளையின் பெயர், வயது, தேதி மூன்றையும் எழுதுங்கள். பத்து வருடம் கழித்து எடுத்துப் பார்க்கும்போது யார் வரைந்தது என்று தெரிய வேண்டாமா? மெழுகு வண்ணம் மற்றக் காகிதத்தில் ஒட்டும். மேலே ஒரு வெள்ளைத் தாள் வைத்து உறையில் போடுங்கள். புத்தகத்துக்குள் வைக்கும் அளவில் இருந்தால் காலம் முழுக்க இருக்கும். கைக்குழந்தை என்றால் தண்ணீரில் கழுவினால் போகும் வண்ணத்தில் உள்ளங்கை அச்சு ஒன்று போதும். வகுப்பில் எடுத்த புகைப்படம் கொடுக்க ஆசைப்பட்டால், மற்றப் பிள்ளைகளின் முகம் இல்லாத படமாகத் தேர்ந்தெடுங்கள். அவர்களுடைய பெற்றோரின் சம்மதம் உங்களிடம் இல்லை.

பொருள் வாங்குவதற்கு முன்

முதலில் விதியைக் கேளுங்கள். ஊழியர்கள் இவ்வளவு மதிப்புக்கு மேல் பரிசு வாங்கக் கூடாது என்று பல பள்ளிகளிலும் காப்பகங்களிலும் வரம்பு உண்டு. பணமாக வாங்கவே கூடாது என்ற இடங்களும் உண்டு. அரசு நடத்தும் பள்ளி என்றால் இது இன்னும் கறாராக இருக்கும். டீச்சரிடமே கேட்டால் அவருக்குச் சங்கடம், அலுவலகத்தில் கேளுங்கள். மதிப்பெண் போடும் வகுப்பாக இருந்தால், மதிப்பெண் எல்லாம் முடிவான பிறகு கொடுங்கள். அதற்கு முன்னால் வருகிற பரிசை எந்த நல்ல ஆசிரியராலும் நிம்மதியாக வாங்க முடியாது.

காப்பி மக், பொம்மை, "சிறந்த டீச்சர்" என்று எழுதிய அலங்காரப் பொருள் எதுவும் வேண்டாம். அன்போடு கொடுத்தது என்பதால் தூக்கிப் போடவும் மனது வராது, வைக்க வீட்டில் இடமும் இருக்காது. வாசனை மெழுகுவர்த்தியும் சென்ட்டும் ஒத்துக்கொள்ளாதவர்கள் நிறையப் பேர்; தலைவலி வரும், ஆஸ்துமா இருந்தால் இன்னும் மோசம். பூந்தொட்டி கொடுப்பதானால் விடுமுறையில் அதற்கு யார் தண்ணீர் ஊற்றுவார் என்று யோசியுங்கள். வீட்டில் செய்த தின்பண்டம், அவருக்கு என்ன ஒத்துக்கொள்ளும் என்று நன்றாகத் தெரிந்தால் மட்டும்.

சரி, எது வேண்டும்? காப்பகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு என்றால் நான் யோசிக்காமல் சொல்வது, வாசனை இல்லாத கெட்டியான கை க்ரீம். ஒவ்வொரு டயப்பர் மாற்றிய பிறகும் கை கழுவ வேண்டும். மூக்குத் துடைத்தால் கழுவ வேண்டும், சாப்பாடு கொடுப்பதற்கு முன்னும் பின்னும் கழுவ வேண்டும். சாயங்காலம் விரல் மடிப்பில் தோல் வெடித்து எரியும். பம்ப் வைத்த டப்பா வேண்டாம், பையில் போடுகிற ட்யூபாக வாங்குங்கள். வாசனை இல்லாததைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: அந்தக் கை நாள் முழுக்கக் குழந்தையின் முகத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

ஆசிரியர்களுக்கு நல்ல பேனா எப்போதும் பயன்படும். கிஃப்ட் கார்டு கொடுக்கலாம். பல பொருள் கிடைக்கும் கடையாகப் பாருங்கள், காலாவதித் தேதியைப் பாருங்கள், கார்டைச் செயல்படுத்திய ரசீதை உறைக்குள்ளேயே வையுங்கள். கல்லாவில் செயல்படுத்தாமல் விட்ட கார்டு வெறும் பிளாஸ்டிக். அதை உங்களிடம் வந்து சொல்ல எந்த டீச்சருக்கும் வாய் வராது.

வகுப்புக்கு வேண்டிய பொருள் வாங்கிக் கொடுப்பது நல்ல காரியம். டீச்சர்கள் பலர் வண்ணப் பென்சில், ஸ்டிக்கர் எல்லாம் சொந்தக் காசில் வாங்குகிறார்கள். ஆனால் அது வகுப்புக்கான பரிசு. டீச்சருக்கான பரிசு வேறு. ஒரு படக்கதைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பிள்ளையின் பெயரும் வருடமும் எழுதி வகுப்பு அலமாரிக்குக் கொடுத்தால், கூடவே டீச்சர் பெயருக்கு ஒரு கடிதமும் போகட்டும்.

பெயர்ப்பலகையில் இல்லாதவர்கள்

இதைத்தான் நான் எல்லாரிடமும் வற்புறுத்திச் சொல்வேன். பிள்ளையின் ஒரு நாளை மனதில் ஓட்டிப் பாருங்கள். காலையில் கதவைத் திறந்து "வா செல்லம்" என்று கூப்பிடுவது யார்? பஸ்ஸில் ஏற்றி இறக்கித் தலை எண்ணுவது யார்? சமையல் செய்வது, வாந்தி எடுத்தால் துடைப்பது, வாசலில் காவலுக்கு நிற்பது, நீங்கள் வரத் தாமதமாகும் நாளில் கடைசிப் பிள்ளையோடு உட்கார்ந்திருப்பது? சிறப்புப் பயிற்சி கொடுப்பவரும், டீச்சர் லீவில் போனபோது வந்து பார்த்துக்கொண்டவரும் இந்தக் கணக்கில் உண்டு. இவர்கள் பெயரை அலுவலகத்தில் கேட்டுச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். "ஆயாவுக்கு", "டிரைவருக்கு" என்று எழுதாமல் பெயர் போட்டு எழுதிய இரண்டு வரிச் சீட்டு போதும்.

ஒரே அறையில் மூன்று பேர் வேலை செய்தால் மூன்று பேருக்கும் ஒரே மாதிரி கொடுங்கள். தலைமை டீச்சருக்குப் பெரிய பை, உதவியாளருக்குச் சின்னப் பாக்கெட் என்று வரும்போது அந்த அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. எல்லாருக்கும் வாங்க வசதி இல்லை என்றால், தனித்தனியாகச் சுற்றிய இனிப்பு அல்லது பிஸ்கெட் ஒரு பெரிய டப்பா வாங்கி, அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியும் லேபிளோடு ஓய்வறையில் வையுங்கள். மூடியில் "மாலை ஷிஃப்டுக்கும் சேர்த்து" என்று எழுதுங்கள். எழுதாவிட்டால் மாலையில் வருகிறவர்களுக்குக் காலி டப்பாதான் மிஞ்சும்.

சேர்ந்து கொடுப்பது

வகுப்புப் பெற்றோர்கள் சேர்ந்து ஒரே பரிசாகக் கொடுப்பது டீச்சருக்கும் உபயோகம், தனித்தனியாக அலைவதும் மிச்சம். யாராவது ஒருவர் முன்னின்று செய்ய வேண்டும். அவர் செய்யக் கூடாத ஒரு காரியம், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று குழுவில் பட்டியல் போடுவது. "இதற்கு மேல் வேண்டாம், இதற்குக் கீழே எவ்வளவும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி" என்று சொல்லிவிட்டு, பணத்தைத் தனிச்செய்தியில் வாங்குங்கள். அட்டையில் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் இருக்க வேண்டும், கொடுக்காத வீட்டுப் பிள்ளையின் பெயரும். நினைவூட்டல் ஒரு தடவை போதும். முடிந்ததும் என்ன வாங்கினோம், மொத்தம் எவ்வளவு என்று ரசீதோடு குழுவில் போட்டுவிடுங்கள்.

எப்போது, எப்படி

கடைசி நாள் வேண்டாம். அன்று பைகள் ஒரு பக்கம், விட்டுப்போன ஸ்வெட்டர் ஒரு பக்கம், அழுகிற பிள்ளை ஒரு பக்கம் என்று டீச்சருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. வாரத்தில் சில நாள் மட்டும் வருகிறவர்களுக்கு அன்று வேலை இல்லாமலும் இருக்கலாம். அதற்கு முந்தின வாரத்தில், மற்றப் பிள்ளைகள் பார்க்காத நேரமாகப் பார்த்துக் கொடுங்கள். பையின் மேல் டீச்சர் பெயர், உள்ளே உங்கள் பிள்ளையின் பெயர். காப்பகத்தில் பிள்ளை ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்கு வருடத்தின் நடுவில் மாறுவதும் உண்டு. அப்போது நன்றி சொல்ல வேண்டிய நாள் அந்த மாறும் நாள்தான்.

இந்த வருடம் டீச்சரோடு ஒத்துப்போகவில்லை என்று சிலர் கேட்பார்கள். பொய் எழுத வேண்டாம். ஒரு வருடம் முழுக்க உங்கள் பிள்ளையைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அதற்கு நன்றி சொல்லலாம், அது உண்மையும்கூட. இரண்டு வரியில் நிறுத்திக்கொள்ளுங்கள். குறைகள் இருந்தால் அவற்றைப் பொறுப்பாளரிடம் வேறொரு நாளில் பேசுங்கள், நன்றிக் கடிதத்துக்குள் நுழைக்காதீர்கள்.

பள்ளி மூடிய பிறகுதான் ஞாபகம் வந்தது என்றால் அப்போதும் எழுதுங்கள். அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பினால் டீச்சரிடம் சேர்த்துவிடுவார்கள். அவர் வேறு இடத்துக்குப் போயிருந்தால் மின்னஞ்சலில் அனுப்பிவைக்க முடியுமா என்று கேளுங்கள். புது வருடத்தின் முதல் வாரத்தில், முகம் தெரியாத பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் நிற்கும்போது வருகிற கடிதத்துக்கு மதிப்பு இன்னும் கூடுதல்.