பயாஸ் திறக்கவில்லையா? பேட்டரியில் கை வைக்காதீர்கள்

கணினியை ஆன் செய்ததும் டெலீட் கீயை விடாமல் தட்டியும் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் இடம்) வராமல் நேராக விண்டோஸ் வந்து நின்றால், பலரும் உடனே கேபினட்டைத் திறந்து பயாஸை ரீசெட் செய்ய மதர்போர்டு பேட்டரியைக் கழற்றிவிடுகிறார்கள். கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை அது.

பெரும்பாலும் போர்டில் கோளாறே இருக்காது. பயாஸில் ஃபாஸ்ட் பூட் ஆன் ஆகியிருந்தால், நேரத்தை மிச்சம் பிடிக்க யுஎஸ்பி கீபோர்டைக்கூட எழுப்பாமல் விண்டோஸுக்குத் தாவிவிடும் போர்டுகள் உண்டு. அப்போது நீங்கள் தட்டுவது அதன் காதில் விழவே விழாது. விண்டோஸ் 10, 11 என்றால் ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலத் திரையில் டிரபுள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் என்று வரிசையாகப் போனால் பயாஸ் தானாகத் திறக்கும். அந்தக் கடைசி வரி இல்லையென்றால், விண்டோஸ், யுஇஎஃப்ஐக்கு (பயாஸின் புதிய வடிவம்) முந்தைய லெகஸி முறையில் நிறுவப்பட்டிருக்கலாம்.

தவறான கீயைத் தட்டுவதும் சகஜம். அசெம்பிள் செய்த கணினியில் பெரும்பாலும் டெலீட்; டெல்லில் எஃப்2, ஹெச்பியில் எஃப்10. கீபோர்டை ஹப்பில் செருகாமல், பின்பக்க யுஎஸ்பி 2.0 போர்ட்டில் நேரடியாகச் செருகுங்கள்.

இன்னொன்று, கேட்டால் சிரிப்பு வரும். ஒருமுறை என் கணினியில் அரை மணி நேரம் இதோடு மல்லுக்கட்டினேன். பயாஸ் ஒவ்வொரு தடவையும் ஒழுங்காகத் திறந்துதான் இருந்திருக்கிறது, ஹெச்டிஎம்ஐ வயரில் இணைத்திருந்த டிவியில்! இரண்டு திரை இருந்தால் ஒன்றைக் கழற்றிவிடுங்கள். கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் வயர் மதர்போர்டில் இல்லாமல் கார்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சரி, எதுவுமே பலிக்கவில்லை, பேட்டரியைத்தான் கழற்ற வேண்டும் என்றால், முதலில் பிட்லாக்கரின் (டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) 48 இலக்க ரெக்கவரி கீயை எடுத்து வையுங்கள். பயாஸ் ரீசெட் ஆனால் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும். ஹார்டு டிஸ்கோடு கணினி பேசும் முறை பயாஸில் ரெய்டு என்று இருந்து, ரீசெட்டில் ஏஹெச்சிஐ என்ற இன்னொரு முறைக்கு மாறிவிட்டால் விண்டோஸ் பூட்டே ஆகாமல் போகலாம். அந்த முறையைப் பழையபடி மாற்றினால் சரியாகும். பவர் வயரைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திய பிறகே சிஆர்2032 பேட்டரியைத் தொடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து மாட்டலாம்.

பயாஸுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக ஃபாஸ்ட் பூட்டை ஆஃப் செய்யுங்கள். அப்புறம்தான் தேதி, நேரமெல்லாம்.