வேண்டாத குதிரைகள்: அமெரிக்க விவாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அடிமாட்டு விலை என்று நாம் சொல்கிறோமே, அப்படி ஒரு விலை அமெரிக்கக் குதிரை ஏலங்களிலும் உண்டு. இறைச்சிக்கு எடுக்கும் வியாபாரி ஓரமாக உட்கார்ந்து எடையைக் கண்ணாலேயே கணக்குப் போடுவார். வேறு யாரும் கை தூக்காத குதிரை அவருக்குப் போகும். முதுகில் எண் போட்ட சீட்டை ஒட்டி லாரியில் ஏற்றுவார்கள். இப்படிக் குதிரைகளை இறைச்சிக்காக வெட்டுவதைத் தடை செய்வதா வேண்டாமா என்று அங்கே இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சண்டை. தடை வர வேண்டும் என்பதுதான் என் ஆசையும். ஆனால் இரண்டு பக்கத்திலும் பலர் விஷயத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு பேசுகிறார்கள்.

“அதைத்தான் 2007-லேயே நிறுத்திவிட்டார்களே” என்பது பெரிய தவறு. அந்த ஆண்டு மூடியது டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த், காஃப்மன், இல்லினாயின் டிகால்ப் ஆகிய ஊர்களில் இருந்த கடைசி மூன்று குதிரைக் கசாப்புக் கூடங்களைத்தான். டெக்சாஸ் கூடங்களை மூட வைத்தது 1949-ல் போட்ட ஒரு மாநிலச் சட்டம்! நாடு முழுவதற்குமான தடைச் சட்டம் இன்னும் நிறைவேறவில்லை. அரசு ஆய்வாளர் பார்க்காமல் இறைச்சியை விற்க முடியாது. அந்த ஆய்வுக்குப் பட்ஜெட்டில் பணம் ஒதுக்காமல் விட்டுத்தான் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சமாளிக்கிறது. 2011-ல் அந்தக் கட்டுப்பாடு போய், 2014-ல் திரும்ப வந்தது.

கூடங்கள் மூடியதும் லாரிகள் எல்லை தாண்டின. 2010-ல் மட்டும் சுமார் 1,38,000 குதிரைகள் கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் கசாப்புக்காகப் போயின. உள்நாட்டுக் கூடங்கள் மூடுவதற்கு முன் வெட்டப்பட்டதும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்று அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகமே 2011-ல் எழுதியது. பயண தூரம் கூடியதுதான் மிச்சம். தண்ணீர், தீவனம், ஓய்வு எதுவும் இல்லாமல் 28 மணி நேரம் வரை ஏற்றிச் செல்ல விதி இடம் கொடுக்கிறது.

அதன் பிறகு எண்ணிக்கை நன்றாகவே இறங்கியிருக்கிறது. அதில் இறைச்சி வாங்கும் நாடுகளின் பயத்துக்கும் பங்கு உண்டு. அமெரிக்கக் குதிரைகளுக்குச் சர்வசாதாரணமாகக் கொடுக்கும் ஃபினைல்பியூட்டசோன் என்ற வலி மருந்து, மனிதர் சாப்பிடும் விலங்குக்குக் கூடவே கூடாது. மெக்சிகோவின் குதிரை இறைச்சியை ஐரோப்பிய ஒன்றியம் 2015-ல் நிறுத்தியது. ஆகவே “எப்படியும் சாகிற குதிரை, யாராவது சாப்பிடட்டுமே” என்பது எடுபடாது.

அடுத்து, கசாப்புக்குப் போவதெல்லாம் கிழட்டு, நொண்டிக் குதிரைகள் என்ற நினைப்பு. விலங்கு நல ஆய்வாளர் டெம்பிள் கிராண்டினின் குழுவினர் 1998-ல் டெக்சாஸ் கூடங்களில் வந்து இறங்கிய 1,008 குதிரைகளைப் பார்த்தார்கள். படுமோசமான நிலையில் இருந்தவை 7.7 சதவீதம். அவற்றிலும் பெரும்பாலானவை லாரியில் கெட்டவை அல்ல. வளர்த்தவர் வீட்டிலேயே கவனிப்பில்லாமல் கெட்டவை. எனக்கு இந்த விவாதத்தின் மையமே இதுதான். கூடத்தின் கதவையே எல்லோரும் பார்க்கிறோம், குதிரையின் கதியோ அதை விற்ற நாளிலேயே முடிவாகிவிடுகிறது. 1986-ல் கென்டக்கி டெர்பி என்ற புகழ்பெற்ற பந்தயத்தை வென்ற ஃபெர்டினாண்ட் என்ற குதிரைக்கே இந்த முடிவுதான். இனவிருத்திக்காக ஜப்பானுக்கு விற்றார்கள்; 2002-ல் அங்கே கசாப்புக்குப் போனதாகப் பின்னால் செய்தி வந்தது.

குதிரை 25, 30 வருடம் வாழும். வாங்கும்போது அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. “நல்ல கைக்குப் போகட்டும்” என்று ஏலத்தில் விடுபவர், வாங்குகிறவர் யாரென்று கேட்பதுகூட இல்லை. குணமாகாத நோயில் தவிக்கும் குதிரைக்கு மருத்துவர் ஊசி போட்டு அமைதியாக முடிப்பது வேறு, கசாப்பு வேறு. இரண்டையும் குழப்ப வேண்டாம். ஆனால் அந்த ஊசி மருந்து உடலிலேயே தங்கும். ஆழமாகப் புதைக்காவிட்டால் தின்ன வரும் கழுகும் நாயும் செத்துப்போகும்.

முஸ்டாங் என்கிற காட்டுக் குதிரைகளை இதில் கலக்காதீர்கள். அவற்றுக்கு 1971-லிருந்தே தனிச் சட்டப் பாதுகாப்பு உண்டு. மேய்ச்சல் நிலத்திலிருந்து பிடித்த அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை அரசு தன் செலவில் வைத்துக் காக்கிறது. அவற்றின் பிரச்சினை வேறு.

மனமிரங்கி மீட்டு வருகிறவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. விலா எலும்பு எண்ணும்படி பட்டினி கிடந்த குதிரையைப் பார்த்ததும் கை தானாகத் தானிய வாளியைத் தேடும். கொடுத்தால் குதிரை ஆவலாகத் தின்னும். சில நாளில் ரத்தத்தில் பாஸ்பரஸும் மக்னீசியமும் சரிந்து, இதயம் நின்று செத்துப்போகலாம். முதலில் கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். தொடக்க நாட்களில் தானியமே வேண்டாம். நல்ல குதிரைமசால் உலர்தீவனம், ஒரு தடவைக்கு அரை கிலோவுக்கும் குறைவாக, நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை. ராத்திரியிலும் எழுந்து போய் வைக்க வேண்டும்.