நடுவரை நிறுவனமே நியமிக்கும் என்று எழுதாதீர்கள்

வேலை ஒப்பந்தத்தில் 'தகராறு எழுந்தால் நிறுவனம் நியமிக்கும் நடுவரே தீர்ப்பார்' என்ற வரி இருந்தால் அடித்துவிடுங்கள். (நடுவர் என்பவர் நீதிமன்றத்துக்கு வெளியே தகராறைத் தீர்ப்பவர், ஆங்கிலத்தில் arbitrator.) 'இரு தரப்பும் சம்மதிக்கும் நடுவர். சம்மதம் கிட்டாவிட்டால் உயர் நீதிமன்றம் நியமிப்பவர்' என்று மாற்றுங்கள்.

தகராறில் நலன் உள்ள தரப்பு தனி நடுவரைத் தானே நியமிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. 2024இல் ஐந்து நீதிபதிகள் அமர்வும், அரசு நிறுவனங்கள் தனியாருடன் செய்யும் ஒப்பந்தங்களில் ஒருதலைப்பட்ச நியமனத்துக்கு இடம் தரும் விதி செல்லாது என்றது. நிறுவனத்தின் ஊழியரோ ஆலோசகரோ நடுவராவதற்கு நடுவர் தீர்ப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் ஏற்கெனவே தடை போட்டிருந்தது. தகராறு எழுந்த பிறகு இரு தரப்பும் எழுத்தில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டால் மட்டுமே இந்தத் தடை நீங்கும்.

ஓசூர் நிறுவனங்கள் பெங்களூரு தலைமையகத்தின் மாதிரியை அப்படியே நகலெடுப்பது வழக்கம். நடுவர் மன்றத்தின் அமர்விடம் (சட்டப்படி அதன் இருப்பிடமாக ஒப்பந்தம் குறிக்கும் ஊர்) பெங்களூரு என்றிருந்தால், நடுவரை நியமிக்கக் கேட்டு கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரருக்குச் சென்னையைவிட அதுவே பக்கம்தான், ஆனாலும் தெரிந்து கையெழுத்திடுங்கள்.

இதெல்லாம் மேலாளர் நிலை ஒப்பந்தங்களுக்கே. தொழிலாளர் சட்டப்படி 'தொழிலாளி' எனப்படுபவரின் பணிநீக்க வழக்கைத் தொழில் தகராறுகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்திடமிருந்து எந்த நடுவர் விதியாலும் பறிக்க முடியாது.