ஆழம் போனால் உப்பு: ராமநாதபுரம் கரையோரத்தில் தவிர்க்க வேண்டிய தண்ணீர்த் தவறுகள்

‘தண்ணியில்லாக் காடு’ என்று ஊரார் சொல்லிச் சொல்லி, ராமநாதபுரத்துக்காரர்களான நாமே அதை நம்பிவிட்டோம். முதல் தவறு அதுதான். இங்கே ஆண்டுக்குச் சுமார் 800 மி.மீ. மழை பெய்கிறது. குளிரும் வறட்சியும் சேர்ந்த லடாக்கில், லே நகருக்குக் கிடைப்பது 100 மி.மீ. அளவுதான். அங்கே பனி உருகி வரும் நீரை இரவில் சிறு குளத்தில் தேக்கி, பகலில் வயல் வயலாகத் திறந்துவிடுகிறார்கள். முறை வைத்துப் பங்கிட ஊரே ஒருவரை நியமிக்கும். அந்தப் பொறுப்புக்குச் சுர்ப்பன் என்று பெயர். நம் கண்மாய்களில் நீர்பாய்ச்சி பார்த்த அதே வேலை. நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். அந்த நேரத்தில் பிடிக்கத் தவறினால் வருஷம் முழுக்கத் திண்டாட்டம்.

கரையோரத்தில் அடிக்கடி நடக்கும் பெரிய தவறு, ஆழ்துளை போட்டால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று நம்புவது. கடற்கரை மணலில் இறங்கும் மழைநீர், கடல்நீரைவிட எடை குறைந்தது. அதனால் அடியிலிருக்கும் உப்புநீரின் மேல் அது மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல நீர் ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை உப்பை அமுக்கி வைத்திருக்கும். மோட்டார் போட்டு அந்த ஓர் அடியை இறைத்துவிட்டால், அடியிலிருந்து உப்பு 40 அடி ஏறி வரும்.

சின்ன வயதில் பெரியம்மாவோடு ஊத்துக்குப் போவேன். முழங்கால் ஆழத்துக்கு மணலைப் பறித்துவிட்டுக் காத்திருப்போம். அடியில் நாலு விரல் தண்ணீர் ஊறித் தெளியும். சிரட்டையால் மொண்டு, துணி கட்டிய குடத்தில் ஊற்றுவார். “இன்னும் தோண்டவா பெரியம்மா?” என்பேன். “வேணாம்டா, கரிச்சுப் போயிரும். ஊறட்டும், பொறு.” பின்னால் பக்கத்திலேயே ஆழமாக ஒரு போர் இறங்கியது. இரண்டு கோடை நன்றாகத்தான் ஓடியது. மூன்றாவது கோடையில் அந்தத் தண்ணீரில் டீ போட்டால் பால் திரிந்தது. ஊத்துத் தண்ணீரும் கரித்தது.

ஆகவே ஒரே ஆழ்துளைக்குப் பதில் ஆழமில்லாத கிணறுகள் சில, தள்ளித் தள்ளி இருக்கட்டும். சிறிய மோட்டாராகப் போட்டு, இடைவெளி விட்டு ஓட்டுங்கள். சித்திரை, வைகாசியில், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரால் அடிக்கடி பாருங்கள். எண் ஏற ஆரம்பித்ததுமே இறைப்பதைக் குறைக்க வேண்டும். வாயில் கரிக்கும்வரை காத்திருந்தால், மறுபடி நல்ல நீராக எத்தனையோ மழைக்காலம் ஆகும்.

உள்ளே வந்தால் கண்மாய். வருஷநாட்டு மலையில் கிளம்பும் வைகை 258 கி.மீ. ஓடி ராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்புகிறது. மிஞ்சியதுதான் கடலுக்குப் போகும். வழிநெடுக ஒரு கண்மாய் நிறைந்து அடுத்ததற்குக் கொடுக்கும் ஏற்பாடு இது. ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று பேர்பெற்ற ராஜசிங்கமங்கலம் கண்மாயும் வரத்து இருந்தால்தான் பெருகும். இதை மறந்து, கண்மாய் நிறைந்து மிச்ச நீர் வழியும் கலுங்கில் மணல்மூட்டை அடுக்கி மறிக்கிறார்கள். கீழ் ஊருக்குத் தண்ணீர் போகாது. பெருமழையில் நம் கரையே உடையும்.

தூர்வாருவதாகச் சொல்லி மடையின் அடிமட்டத்துக்குக் கீழே பள்ளம் பறிப்பதும் வீண். அந்தத் தண்ணீர் மடையேறிப் பாயாது. கடல் பக்கத்துக் கண்மாய் என்றால் களிமண் அடைப்பு உடைந்து உப்புத் தட்டும் ஆபத்தும் உண்டு. ஊருக்குச் சவடு மண் கிடைக்கும், கண்மாய்க்கு ஒன்றும் கிடைக்காது.

சீமைக் கருவேலத்தை வெட்டினால் மட்டும் போதாது, தூரிலிருந்து மறுபடி தழைக்கும். வேரோடு பிடுங்க வேண்டும். கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் இருப்பதால் ஒரே நாளில் எல்லாவற்றையும் அழிக்கச் சொல்ல மாட்டேன். கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலில் நிற்பதை முதலில் எடுங்கள். புரட்டாசிக்குள் கலுங்கிலிருந்து மேலே ஒரு நடை நடந்து பாருங்கள். ரோட்டுப் பாலத்தின் அடியில் குழாய் அடைத்துக் கிடக்கிற இடம்தான் முதலில் கண்ணில் படும். மண்வெட்டியைக் கையோடு கொண்டு போங்கள்.