புனாலுவு கருமணல் கடற்கரை: ஆமை பார்க்கப் போவது எப்படி?

ஹவாயின் பெரிய தீவில், ஹீலோ நகரத்திலிருந்து காரில் தென்மேற்காக ஒன்றேகால் மணி நேரம் போனால் புனாலுவு வரும். பேராமைகள் பட்டப்பகலில் கரையேறி வெயில் காயும் இடம். முதல் தடவை போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் பயணம். வாடகைக் கார் எடுத்து 11ஆம் எண் நெடுஞ்சாலையில் போங்கள். எரிமலைத் தேசியப் பூங்காவிலிருந்து அரை மணி நேரம்தான் என்பதால் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

இறங்கியதும் செருப்பைக் கழற்றாதீர்கள். கருமணல் உச்சி வெயிலில் காலைச் சுட்டுவிடும். எரிமலைக் குழம்பு கடலில் விழுந்து, சட்டென்று குளிர்ந்து, வெடித்துச் சிதறியதில் உண்டான மணல் இது. குழம்பு வருவது நின்றுவிட்டால் புது மணலும் சேராது. அதனால் அள்ளிப் பாருங்கள், அங்கேயே கொட்டிவிடுங்கள். வீட்டுக்கு எடுத்து வருவது சட்டப்படி தவறு.

அப்புறம் ஆமை. தண்ணீர் ஓரத்தில் ஈரப் பாறை மாதிரி ஏதாவது கிடந்தால் சற்று நின்று கவனியுங்கள். மெல்லத் தலை தூக்கி மூச்சு விடும். அசையாமல் கிடக்கிறதே, உடம்பு சரியில்லையோ என்று பதறி, தண்ணீருக்குள் தள்ளிவிடப் போகாதீர்கள். அது உடம்பைச் சூடாக்கிக்கொண்டு ஓய்வெடுக்கிறது. குறைந்தது 10 அடி தள்ளி நில்லுங்கள். அது நம்மை நோக்கி வந்தால் நாம்தான் பின்னால் நகர வேண்டும். அதற்கும் கடலுக்கும் நடுவில் மட்டும் நிற்கவே கூடாது, திரும்பிப் போகும் வழி அதுதான். தொடுவதும் தீனி போடுவதும் கூடாது. 1978 முதல் இவற்றுக்கு அமெரிக்க அரசின் சட்டப் பாதுகாப்பு உண்டு.

கரையில் ஒன்றும் இல்லையா? கடலில் பாசி படிந்த பாறைகளைப் பாருங்கள். பாசிதான் பேராமைக்குச் சாப்பாடு, மேய்ந்துகொண்டிருக்கும். அவசரப்படாமல் ஒரு மணி நேரமாவது உட்காருங்கள். படம் எடுப்பதைவிட அந்தக் காத்திருப்புதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நீந்துவதை முதல் தடவை விட்டுவிடுங்கள். பாறையும் அதிகம், இழுப்பும் அதிகம். காலை நனைத்தால் போதும். கடலுக்கடியில் நன்னீர் ஊற்றுகள் இருக்கின்றன. அந்தக் காலத்தில் ஊர் மக்கள் கடலுக்குள் மூழ்கி அங்கேதான் குடிநீர் பிடித்தார்கள். புனாலுவு என்ற பெயரே மூழ்கி எடுக்கும் ஊற்றைத்தான் குறிக்கிறது. வெதுவெதுப்பான அலைக்கு நடுவே திடீரென்று சில்லென்று படும் தண்ணீர் அதுதான்.